'வீட்ல இருக்கும்' பாய்

வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதற்கென்றே கடை திறந்திருப்பவர், உலகத்திலேயே எங்கள் உத்தமபாளையம் பாய் ஒருவர்தான். சார்ட், களிமண், கலர் பேப்பர் எல்லாம் கூரைவரை இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "வீட்ல இருக்கும், போய்ப் பாருங்க." ஊரில் அதுவே அவர் பெயரானது.

ஒருமுறை கெட்டி அட்டை கேட்டேன்.

"உங்களுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகையே வைக்கிறதில்லையா?"

வைத்திருந்தார்கள். என் மகள் செய்த பட்டாம்பூச்சியின் ஒரு இறக்கையில் மாப்பிள்ளை, மறு இறக்கையில் பெண்.

பக்கத்துப் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து விஞ்ஞானிகள் என்னவோ ஆராயப் போவதாகச் சொன்னார்கள். இந்தக் கடை எப்படி நடக்கிறது என்பதை முதலில் ஆராயலாம்.

பள்ளிக் கண்காட்சிக்கு மகள் அணை செய்தாள். தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் அட்டை அணைகூட ஒழுகக் கூடாது. ஒழுகினால் இரண்டு மாநிலப் பிரச்சினை. பாய் எதுவும் தரமாட்டாரென்று, தேனிக்கு பஸ் ஏறி தெர்மாகோலும் உசத்தியான பசையும் வாங்கிவந்தேன். பசை பட்டதும் தெர்மாகோல் கரைந்தது. நான் வைக்காத மதகெல்லாம் திறந்துகொண்டன. மகள் அழவில்லை; என்னைப் பார்த்தாள். அழுதிருக்கலாம்.

"நாளைக்குக் கண்காட்சிப்பா."

பாயிடம் ஓடினோம். "பாய், அணை ஒழுகுது!"

"மெதுவாச் சொல்லுங்க, மலைக்கு அந்தப் பக்கம் கேட்டுறப் போகுது." பிறகு மகளிடம் திரும்பினார். "ஏத்தா, வீட்ல என்ன இருக்கு?"

"திராட்சை வந்த அட்டைப்பெட்டி."

"கரண்டு போனா?"

"மெழுகுவத்தி."

"அம்புட்டுத்தான். பெட்டிய வெட்டி ஒட்டி, மெழுக உருக்கி இங்கன அங்கன இடம் விடாமப் பூசு. உருக்குறது மட்டும் அப்பா. சுட்டா அவுகளுக்கே சுடட்டும்."

சுட்டது.

"ஒரு ஸ்கெட்ச் பேனாவாவது கொடுங்க பாய், வெட்கமா இருக்கு" என்று கடையிலிருந்து கிளம்பும்போதே கெஞ்சியிருந்தேன்.

"வீட்ல இருக்கும்." இருந்தது, மூன்று.

மறுநாள் அணை ஒரு சொட்டு விடவில்லை. மலையாளத்து அறிவியல் டீச்சரே சுவரில் விரல் வைத்துப் பார்த்து, "நல்ல பலமுண்டு" என்று முதல் பரிசு கொடுத்தார். ஒப்பந்தமே கையெழுத்தானதுபோல் நான் கைதட்டினேன்.

பாயிடம் காட்டவேண்டுமென்று மகள் தண்ணீர் சிந்தாமல் அணையைத் தூக்கிவந்தாள். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பெருநாளைத் தவிர மூடாத கடை. ஷட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.

மகள் அணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல இருப்பாகப்பா, போய்ப் பாப்போம்."