டேப்பு நர்சம்மாவும் என் பனிக்குட நீரும்

எண்பதுகளில் பள்ளிபாளையத்தில் டேப்பு நர்சம்மாவிடம் அளவு கொடுக்காமல் பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ். இடுப்பில் எந்நேரமும் தையல்காரர் டேப்பு. பெரிய வீட்டு மருமகளோ, தறி ஓட்டுகிறவளோ, வயிறும் பிள்ளையுமாக எதிரே வந்தால் தப்ப முடியாது.

நான் அப்போது பள்ளி ஆசிரியை. தலைச்சன் பிள்ளை வயிற்றில். ஒருநாள் ஓடுகிற டவுன் பஸ்ஸில் நீள சீட்டைக் காலி செய்யவைத்து, என்னைச் சாய்த்து, சேலைக்கு மேலேயே அளந்தார்.

"முப்பத்திரண்டு வாரம், முப்பத்திரண்டு சென்டி. தண்ணியும் புள்ளையும் சரியா இருக்குது சாமி."

பஸ்ஸே கேட்டது. மறுவாரம் கண்டக்டர், "இப்ப எத்தனைங்க டீச்சர்?" என்று விசாரித்தார். கொதித்துப்போய் மருத்துவ அதிகாரியிடம் புகார் சொன்னேன். தன் மனைவியையே நர்சம்மா சந்தையில் வைத்து அளந்துவிட்டதாக அவர் என்னிடம் புலம்பினார்.

ஒன்பதாம் மாதம், எல்லோரும் பார்க்கிறார்களே என்று ஈரோட்டில் புதிதாக வந்திருந்த ஸ்கேனில் பார்த்தோம். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பனிக்குட நீர் குறைவு, நாளைக்கே ஆபரேஷன் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். என் கணவர் ஊருக்கு வந்ததும் தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் கேட்டு அலைந்தார்.

மறுநாள் காலை, சேதி காதில் விழுந்து, எங்களுக்கு முன்பே நர்சம்மா ஈரோட்டில் அந்த டாக்டரிடம் வந்து நின்றிருந்தார். நேற்று எந்த இடத்தில் அளந்தீர்கள், காட்டுங்கள் என்று டாக்டரைப் பிடித்துக்கொண்டார். அவர் காட்டிய இடத்தை நர்சம்மா கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், புள்ள கால் கெடக்கற எடத்துல அளந்தா தண்ணி எங்கீங்க தெரியும்? ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, காலு கையில்லாத எடமாப் பாருங்க."

டாக்டர் வேண்டாவெறுப்பாக மறுபடி பார்த்தார். இடம் மாற்றி இரண்டு முறை அளந்தார். பிறகு, நீர் தேவையான அளவு இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார். நர்சம்மா விடவில்லை. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறாளே இந்தப் பெண், அதற்கு யார் பதில் சொல்வது என்று வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நிற்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டார். டாக்டர் என்னிடம் வருத்தம் தெரிவித்த பிறகே நர்சம்மா வெளியே வந்தார்.

மூன்று வாரம் கழித்து என் மகள் சுகப்பிரசவத்தில் பிறந்தாள்.

ஆனால் அன்று வெளியே வந்ததும் நர்சம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது தப்பாப் போயிருந்தா உனக்கு என்னாயிருக்கும் சாமி?"

பஸ் காவிரிப் பாலம் தாண்டி ஊர் வந்து சேரும்வரை அந்தக் கையை நான் விடவேயில்லை.