மேண்டலின் மாமாவும் என் எட்டாயிரம் ரூபாயும்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு தெருவையே பதினெட்டு வருஷம் ஏமாற்ற முடியுமா? முடியும். செய்து காட்டியவர் எங்கள் மேண்டலின் மாமா. மயிலாப்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு வித்வான் மேல்தான் விழ வேண்டும். ஆனால் இவர் மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்க உடம்பில் தெம்பும் இல்லை.

முதலில் என்னைப் பற்றி. ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்தொன்று. அதிர்ச்சி என்றால் மற்றவர்கள் 'ஐயோ' என்பார்கள், நெஞ்சில் கை வைப்பார்கள். எனக்கு விக்கல் வரும். இந்த விஷயத்தில் நான் நிறைய விக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கும் என் வயதுதான் இருக்கும். ஊரே மாமா என்பதால் நானும் மாமா என்பேன். அவர் கீழ்ப் போர்ஷன், நான் மாடி. விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு, கையில் கறுப்பு மேண்டலின் பெட்டி. "கச்சேரியா மாமா?" என்றால், "பாலவாக்கத்துல கல்யாணம்" என்பார். திரும்பி வரும்போது "கச்சேரி எப்படி?" என்றால், "நன்னா இருந்தது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பெரிய கலைஞர்கள் பேசமாட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

பஸ்ஸில் கண்டக்டர், "வித்வானுக்கு எடம் வுடு நைனா" என்று ஆளை எழுப்பி உட்கார வைப்பார். மெட்ரோ வேலைக்காக எங்கள் தெரு முனையைத் தோண்டிப் போட்டார்களே, அப்போது எங்கள் ஸ்கூட்டருக்கெல்லாம் வழி கிடையாது. அவர் பெட்டியை மட்டும் இரண்டு தொழிலாளிகள் கைமாற்றி, பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு நவராத்திரிக்குக் குழந்தைகள் பாட்டுப் போட்டியில் அவரை நடுவராக்கினோம். இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இருந்ததிலேயே சின்னப் பெண்ணுக்கு முதல் பரிசு கொடுத்தார். காரணம் கேட்டோம்.

"சூடு ஆறறதுக்குள்ள முடிச்சா பாருங்கோ, அதான்."

ஆஹா, எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார் என்று தெருவே தலையாட்டியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து மேண்டலின் மேல் ஆசை. பள்ளிக்கூடம், கல்யாணம், மாமியார், பிள்ளை படிப்பு என்று அது தள்ளிக்கொண்டே போய், ஒரு வழியாகப் போன வருஷம் எட்டாயிரம் ரூபாய் எனக்கென்று மிச்சமானது. அடையாறில் ஒரு வாத்தியார் இருக்கிறார். ஆசையோடு போன் போட்டேன். விஜயதசமிக்கு நாலே பேரைத்தான் சேர்த்துக்கொள்வாராம். மூன்று இடம் போய்விட்டது.

"நாலாவது எடம் உங்களுக்குத்தாம்மா. ஆனா வாத்தியத்தை முன்னாடியே கொண்டாந்து காட்டணும். சுருதி நிக்காத கட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

நல்ல மேண்டலினை எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போனில் வீடியோ பார்த்தேன். 'குறைந்த பட்ஜெட்' என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒருவர் நாற்பதாயிரத்தில் ஆரம்பித்தார். முதல் விக்கல் அங்கே வந்தது. கையில் இருப்பது ஒரே எட்டாயிரம், இருப்பது ஒரே இடம். தப்பாக வாங்கினால் இந்த ஜன்மத்தில் மேண்டலின் கிடையாது. நேராகக் கீழே இறங்கி மாமாவின் கதவைத் தட்டி, விஜயதசமி விஷயத்தையெல்லாம் சொல்லி, ஒரு மேண்டலின் பொறுக்கித் தரக் கேட்டேன்.

"டீச்சர், எனக்கு அதெல்லாம் அவ்வளவா..." என்று இழுத்தார்.

என்ன அடக்கம் பாருங்கள் என்று நெகிழ்ந்து போய், விடமாட்டேன் என்று வாசலிலேயே நின்றேன். "சரி, வாங்கோ. சாயங்காலம் பாலவாக்கத்துல கல்யாணம் இருக்கு. கடையிலேர்ந்து நான் அப்படியே போயிடறேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ராயப்பேட்டையில் ஒரு வாத்தியக் கடை. மேண்டலின் பெட்டியோடு ஒருவர் நுழைந்ததும் கடைக்காரர் பதறி எழுந்தார். "வாங்க வித்வானே, குந்துங்க. இன்னா பாக்குறீங்க?" என்று, என் எட்டாயிரத்துக்குள் அடங்கும் ஐந்தாறு மேண்டலின்களைக் கண்ணாடி மேஜை மேல் பரப்பினார்.

முதலாவது பார்த்தவுடன் மனசைப் பறித்தது. சிவப்புப் பளபளப்பு, உடம்பு முழுக்கப் பதித்த பூ. "சோக்கா கீதுல்ல? ஏழாயிரத்து எண்ணூறு" என்றார் கடைக்காரர். மாமா அதை வாங்கினார், தலைகீழாகக் கவிழ்த்தார், உதறினார். புளியங்கொட்டை உதிர்கிற மாதிரி உள்ளேயிருந்து ஒரு திருகாணி விழுந்தது. எனக்கு விக்கல்.

"அது எக்ஸ்ட்ரா சார்" என்றார் கடைக்காரர்.

அடுத்து அதன் துவாரத்தில் மூக்கை விட்டு முகர்ந்தார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நல்ல வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. "பசை வாடை இன்னும் போகலை. பூவுக்குத்தான் காசு, உள்ள ஒண்ணும் இல்லை" என்று தள்ளி வைத்தார். இரண்டாவதைத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அதன் நீளத்துக்குப் பார்த்து, "கழுத்து கோணல்" என்றார். மூன்றாவதில், கம்பிக்கும் கீழே இருக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு ரூபாய் காசுகளைச் செருகினார். மூன்று காசு உள்ளே போனது. "கம்பி இவ்வளவு ஒசரத்துல இருந்தா அழுத்தி அழுத்தி டீச்சர் விரல் பிஞ்சுடும்." நான்காவதின் கழுத்தோரத்தைத் தன் கன்னத்தில் மேலும் கீழும் தேய்த்தார்! சவரம் செய்துகொள்கிறாரா என்று நான் வாயைப் பிளந்து நிற்க, "கழுத்துல குறுக்கே பதிச்சிருக்கற மெட்டு நுனியெல்லாம் நீட்டிண்டு இருக்கு, கிழிச்சுடும்" என்றார். நான் பார்த்த எந்த வீடியோவிலும் எவரும் மேண்டலினைக் கன்னத்தில் தேய்க்கவில்லை.

கடைசியாக, மூலையில் தூசியோடு தொங்கிய ஒன்றை எடுக்கச் சொன்னார். பழுப்பு நிறம். பூ இல்லை, பளபளப்பு இல்லை, பெண் பார்க்க வந்தால் எழுந்து போய்விடுவார்கள், அப்படி ஒரு முகம். கம்பியை ஒரு தட்டு தட்டினார். அதே கம்பியைப் பன்னிரண்டாவது மெட்டில் கடைக்காரரை அழுத்தச் சொல்லி இன்னொரு தட்டு. காதை அதன் முதுகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"இதான் டீச்சர். மேலயும் கீழயும் ஒரே ஸ்வரம் பேசறது."

விலை ஐயாயிரத்து இருநூறு. அதையும் மாமா விடவில்லை. "நம்ம கர்நாடக சங்கீதத்துக்கு இந்த எட்டுக் கம்பி எதுக்கு? வாத்தியார் எப்படியும் நாலைக் கழட்டச் சொல்லுவார். அந்த நாலை நீங்களே வெச்சுண்டு விலையைக் கொறைங்கோ" என்றார். நான் முப்பது வருஷமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"கொறைக்கிறேன் வித்வானே. ஆனா நீங்க ஒரு தபா வாசிச்சுக் காட்டணும். வேணாம், உங்க வாத்தியத்தையே எடுக்கறேன், ரெண்டுத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்" என்று, மாமா "இருங்கோ, இருங்கோ" என்பதற்குள் பெட்டியைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். "இன்னாபா, இம்மாங் கனம் கீது!"

திறந்தார்.

உள்ளே இரண்டு ஜல்லிக்கரண்டி. ஒரு நீளமான தோசைத் திருப்பி. துணியில் சுற்றிய காய் நறுக்கும் கத்தி. ஒரு டப்பா பெருங்காயம். கரண்டிகளின் வட்டத் தலை மேண்டலின் வயிற்றுக்கான பள்ளத்திலும், காம்பு அதன் கழுத்துக்கான பள்ளத்திலும் அளவெடுத்தாற்போல் படுத்திருந்தன. எனக்கு வந்த விக்கலில் கண்ணாடி மேஜை அதிர்ந்தது.

"நைனா, இதுல இன்னா ராகம் வாசிப்பே?" என்றார் கடைக்காரர். வித்வான் பட்டம் அந்த நொடியே போய்விட்டது.

"என்ன மாமா இது?" என்றேன்.

"ஜல்லிக்கரண்டி."

"அது தெரியுது! நீங்க மேண்டலின் வித்வான் இல்லையா?"

"நான் கல்யாணச் சமையல் டீச்சர். யாரும் கேக்கலையே. கச்சேரி எப்படின்னு கேட்டா, நன்னா இருந்ததுன்னேன். நன்னாத்தான் இருந்தது. நான் உள்ள அவியல் கிண்டிண்டே கேட்டேன்." யாரோ ஒரு வித்வான் மண்டபத்தில் வேண்டாமென்று விட்டுப்போன பெட்டியாம். கரண்டி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம்.

"அப்போ இந்தக் காசு, கன்னம், மூக்கு எல்லாம்?"

"பந்தியில உக்காந்து வித்வான்களெல்லாம் வாத்தியத்தைப் பத்தித்தான் பொலம்புவா. கம்பி ஒசரம், கழுத்து கோணல், மெட்டு தப்புன்னு. முப்பது வருஷமா பரிமாறிண்டே கேட்டுண்டிருக்கேன். எது எது கெட்டுப்போகும்னு எனக்கு மனப்பாடம்."

இப்போது யோசித்தால் அதைவிட நல்ல படிப்பு வேறு இல்லை என்று புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. என் ஆயுள் ஆசையைக் கொண்டுபோய் ஒரு கரண்டிப் பெட்டியிடம் ஒப்படைத்தோமே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நீங்க பண்ணினது திருட்டுத்தனம்!" என்று கத்தினேன். கத்தியதோடு நின்றேனா? கோபம் வந்தால் கணக்கு டீச்சருக்கும் கணக்கு வராது. அவர் தள்ளி வைத்த அந்தச் சிவப்புப் பூ மேண்டலினையே, திருகாணியை முடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஆட்டோ ஏறிவிட்டேன். மாமா கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றே தெரு முழுக்கச் சொன்னேன். ஒரு ஆள்கூட நம்பவில்லை! இஸ்திரிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பெரிய ஆளுங்க அப்படித்தான் டீச்சர், தன்னை மறைச்சுக்குவாங்க. உங்களுக்கு இன்னா கோவம் அவர் மேல?" என்றார். அடுத்த வீட்டு மாமி எனக்குப் பொறாமை என்று முடிவே கட்டிவிட்டார். நான் விக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அடையாறு. வாத்தியார் பூ மேண்டலினின் கம்பியை ஒரு தட்டு, பன்னிரண்டாவது மெட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான். முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே ஸ்வரமா இருக்கணும். இதுல ஒண்ணு மயிலாப்பூர்ல இருக்கு, இன்னொண்ணு கிண்டியில இருக்கு. விஜயதசமிக்குள்ள வேற கொண்டாங்க. இல்லேன்னா எடத்தை வேறாளுக்குக் குடுத்துடுவேன்."

கடைக்காரர் விற்றதைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார். என் கையில் மிச்சம் இருநூறு ரூபாய். ஒன்பது நாளும் கொலுவுக்குப் போன வீட்டிலெல்லாம் சுண்டலை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பி வந்தேன். மாமாவைப் படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம் பாதி, வெட்கம் பாதி.

விஜயதசமி காலை கதவு தட்டும் சத்தம். மாமா, பெட்டியோடு.

"உள்ள கரண்டி இல்லை டீச்சர். நீங்களே பாத்துக்கோங்கோ."

திறந்தேன். பழுப்பு மேண்டலின்! தூசி துடைத்து, நாலு கம்பி கழற்றி, படுத்திருந்தது. எனக்கு விக்கல்கூட வரவில்லை.

"மறுநாளே பாலவாக்கத்துலேர்ந்து திரும்பறச்சே வாங்கிட்டேன்" என்றார். "ஊரே வித்வான்னது. நீங்க ஒருத்தர்தான் திருட்டுத்தனம்னேள். நியாயம்தானே? சரி, கத்துண்டு நெஜமாவே வித்வான் ஆயிடலாம்னு தோணித்து."

"கத்துக்கிட்டீங்களா?"

"தெனமும் எடுத்து வெச்சுண்டு பாத்தேன்." வலது கையால் இடது கை விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டார். "எண்ணெயிலயும் ஆவியிலயும் வெந்து வெந்து இதுல உணர்ச்சியே இல்லை டீச்சர். கம்பி மேல இருக்கேனா, மரத்து மேல இருக்கேனான்னு தெரியலை. காது கேக்கறது, கைக்குத் தெரியலை. நீங்க எடுத்துண்டு போங்கோ. வாத்தியார் காத்துண்டிருப்பார்."

அந்த மனிதர் செய்ததைத் திருட்டுத்தனம் என்றேனே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "அழாதேங்கோ, அந்தப் பூப்போட்டதைக் குடுங்கோ, சரியாப் போச்சு. பெட்டியைச் சீக்கிரம் காலி பண்ணுங்கோ, கரண்டி வெக்கணும், மண்டபத்துக்கு நாழியாச்சு" என்றார்.

அடையாறு வாத்தியார் பழுப்பு மேண்டலினைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "யாரும்மா பொறுக்கினது?" என்றார். "எங்க வீட்டு மாமா" என்றேன். நாலாவது இடம் எனக்குக் கிடைத்தது. பூ மேண்டலின் இப்போது கீழ்ப் போர்ஷன் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

தினமும் விடிந்ததும் மாடியில் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணுகிறேன். மாமா அதற்குள் பெட்டியோடு போய்விட்டிருப்பார். போன வாரம் வாசித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், இஸ்திரிக்காரர் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, பால் வாங்கிப் போன பெண்மணியிடம் கீழ்ப் போர்ஷனைக் காட்டி, "ஷ்ஷ், வித்வான் வாசிச்சிக்கினு கீறாரு" என்கிறார். அந்த அம்மாள் கையில் பால் பாக்கெட்டோடு நின்று கேட்டாள். இறங்கிப் போய் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஒரு ஸ்வரம் பிசகினாலும் மாமாவின் பேர் கெட்டுவிடுமே என்று, அன்றிலிருந்து இரண்டு மணி நேரம் சாதகம் பண்ணுகிறேன்.