பச்சை வந்ததும் வருகிறேன்

கல்யாணச் சட்டையோடு மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான் மாப்பிள்ளை. மேலேயிருந்து ஷாம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

“சட்டையில படுது தம்பி, கொஞ்சம் தள்ளிப் படு,” என்றார் சூப்பர்வைசர் அக்கா.

“தள்ளிப் படுத்தா கேபிள் எட்டலக்கா.”

அவனுக்கு இன்று பதிவுத் திருமணம். இரண்டு வீட்டாரும் பதிவு அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாலு மணிக்கு அங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். லைன் நின்றுவிட்டது என்று போன் வந்ததும், போகிற வழிதானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்த மகானுபாவன் இன்னும் வெளியே வரவில்லை. அந்த ஷாம்பு ஃபேக்டரியில் நெட்வொர்க் பார்ப்பதற்கு இவனை விட்டால் ஆள் கிடையாது. நேற்றுவரை அதில் அவனுக்குப் பெருமை வேறு.

விஷயம் இதுதான். பாட்டிலில் ஷாம்பு ஊற்ற ஒரு மிஷின், மூடி போட ஒரு மிஷின். இரண்டையும் ஒரு கன்ட்ரோலர் ஈதர்நெட் கேபிள் வழியாக ஆட்டி வைக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தை அறுந்தால் லைன் நின்று விளக்கு சிவப்பாகிவிடும். பேச ஆரம்பித்தால் பச்சை.

போன் அடித்தது. கல்யாணப் பெண்.

“கிளம்பிட்டீங்களா?”

“இதோ, பச்சை வந்ததும் கிளம்பிடறேன்.”

“அப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. சாப்பிடக் கூப்பிட்ட அன்னிக்கும் லைன் நின்னுச்சு, மோதிரம் வாங்கப் போன அன்னிக்கும் லைன் நின்னுச்சு, இன்னிக்கும் அதையே சொன்னா அது லைன் இல்ல, பொய்யிங்கறாரு. நாலு மணிக்குள்ள வரலேன்னா என்னைக் கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாராம். இந்தச் சம்பந்தமே வேண்டாமாம்.”

“சத்தியமா லைன் நின்னுதான் கிடக்கு!”

“நான் நம்பறேன். அவங்களை நான் பார்த்துக்கறேன். நீங்க சீக்கிரம் வாங்க.”

பாவம், நல்ல பெண். இவனுக்கெல்லாம் கிடைத்ததே பெரிய விஷயம்.

கேபிள் நுனியில் கிளிப் உடைந்திருந்தது. மிஷின் அதிரும்போதெல்லாம் கழன்றிருக்கிறது. வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனி போட்டான். விளக்கு பச்சை! பாட்டில்கள் வரிசையாக நகர்ந்தன. அக்கா கை தட்டினார். “மகராசனா இரு, ஓடு ஓடு!” என்றார்.

ஓடினான். கேட்டருகே போய் பைக்கை உதைப்பதற்குள் பின்னாலேயே அக்காவின் குரல் துரத்திக்கொண்டு வந்தது.

“தம்பி! போயிடுச்சு!”

திரும்பி வந்து பார்த்தான். சிவப்பு. கேபிளை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. அப்படியானால் எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிதான் கோளாறு என்று முடிவு கட்டினான். அவசரத்தில் எடுக்கிற முடிவு உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. அலமாரியில் இருந்த பழைய ஸ்விட்சை எடுத்து மாட்டினான். அதில் யாரோ எந்தக் காலத்திலோ போட்டு வைத்த செட்டிங். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி கட்டும் பிரிவும் நின்றுபோனது. போதாக்குறைக்கு, ஊற்றும் மிஷின் ஒரு தடவை உயிர் வந்து, பாட்டிலே இல்லாத பெல்ட்டின்மேல் தாராளமாக ஊற்றிவிட்டு மறுபடி நின்றது.

தரையெல்லாம் நுரை. துடைக்கப் போனவர்கள் தண்ணீரை ஊற்ற, நுரை கணுக்காலுக்கு ஏறியது.

“ஒரு சிவப்பு இருந்துச்சு, நீ கை வச்சதும் ரெண்டாச்சு,” என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுபடி போன்.

“பச்சை ஆச்சா?”

“ரெண்டு சிவப்பு ஆச்சு.”

 “அழாதீங்க,” என்றாள். அவன் அழவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பழைய ஸ்விட்சைக் கழற்றி முன்பிருந்ததையே மாட்டினான். ஒரு சிவப்பு குறைந்தது, லைன் மட்டும் அசையவில்லை. லேப்டாப்பைச் செருகி, லைன் ஓடுகிறதா என்று நொடிக்கு நொடி சோதிக்கச் சொன்னான். விளைவு, கன்ட்ரோலர் அடியோடு வாய் மூடிக்கொண்டது. ‘இருக்கியா’ என்று பிங் அடித்துக் கேட்டால் பதிலே இல்லை. சோதனையை நிறுத்திவிட்டு, கேபிளில் என்னதான் ஓடுகிறது என்று சும்மா வேடிக்கை பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது.

கேள்வி. கேள்விக்கு மேல் கேள்வி. லைன் ஓடுதா? லைன் ஓடுதா? லைன் ஓடுதா?

“அக்கா, இங்க பாருங்க. யாரோ கன்ட்ரோலரைக் கேட்டுக் குடையறாங்க. இது பழசு. நாலு பேருக்கு மேல கேட்டா பதில் சொல்லியே திணறிப்போய் மிஷினைக் கோட்டை விட்டுடுது.”

“எங்க வீட்டு அடுப்படி மாதிரி. சாப்பாடு ஆச்சா, சாப்பாடு ஆச்சான்னு ஆளாளுக்கு வந்து நின்னா எப்படி ஆகும்?”

கேள்விகள் எல்லாம் ஒரே வாசல் வழியாக வந்தன. எங்கே இருந்தாலும் போனிலேயே லைனைப் பார்க்கலாம் என்று முதலாளிக்காக இவனே ஆசை ஆசையாகச் செய்து கொடுத்த இணையப் பக்கம். திறக்கும்போதெல்லாம் கன்ட்ரோலரிடம் ஒரு கேள்வி கேட்கும் பக்கம் அது. அதை முதலாளியைத் தவிர வேறு எந்த வேலையற்றவன் வந்து பார்க்கப் போகிறான்? வெளியூரில் இருந்தவரைக் கூப்பிட்டான்.

“சார், உங்க போன்ல அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மூடிடுங்க சார். நீங்க பார்க்கப் பார்க்க லைன் நிக்குது.”

“என் ஃபேக்டரியை நான் பார்த்தா நின்னுடுமா? என்னய்யா, என் கண்ணு பட்டுடுச்சுங்கறியா?”

“ஐயோ, அப்படிச் சொல்லல சார்...”

“நான் காலையிலேயே மூடித் தொலைச்சுட்டேன். பக்கத்துல கஸ்டமர் உட்கார்ந்திருக்கான், திறந்தா சிவப்பு, மானம் போகுது. பச்சை வந்ததும் சொல்லு, அவனுக்குக் காட்டணும். அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல கை வைக்காதே. வச்சே, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

போனை வைத்துவிட்டார். கேள்விகள் குறையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடின.

மாப்பிள்ளை ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு நுரைக்கு நடுவில் உட்கார்ந்தான். மணி மூன்றரை. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடும்பமே தலைக்குக் குளிக்கலாம். போட்டிக் கம்பெனிக்காரன் சூனியம் வைத்துவிட்டான் என்றுகூட நினைத்தான். படித்தவன் நினைக்கிற நினைப்பா இது! எத்தனை படித்து என்ன, எத்தனை கேபிள் இழுத்து என்ன, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு முன்னால் பொய்யனாகப் போய் நிற்கப் போகிறோமே என்று நொந்துகொண்டான்.

“அந்தப் பக்கத்துக்குப் போற கேபிளைப் பிடுங்கிடு தம்பி,” என்றார் அக்கா. “வேலை வேற கிடைக்கும். அந்தப் பொண்ணு கிடைப்பாளா?”

எழுந்தான். கேபிளில் கை வைத்தான்.

போன் அடித்தது. இந்தத் தடவை பெண் இல்லை, பெண்ணின் சித்தப்பா. முடிந்தது கதை, கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தான்.

“சொல்லுங்க மாமா,” என்றான், செத்த குரலில்.

“பதறாதீங்க மாப்பிள்ளை, எங்க அண்ணனே உங்களை நம்பிட்டாரு! நீங்க என்னிக்கோ பொண்ணுக்குப் பெருமையா அனுப்பின அந்த லைன் பார்க்கற பக்கத்தை அவ எங்க எல்லாருக்கும் அனுப்பிட்டா, அதுலேர்ந்து ரெண்டு வீட்டு ஜனமும், இந்த ஆபீஸ்காரங்களும் சேர்ந்து விடாம தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டேதான் இருக்கோம், நீங்க பொய்யே சொல்லல, பார்க்கறப்பெல்லாம் சிவப்பாத்தான் இருக்கு!”