லிமிட் ஸ்விட்ச் இல்லாத குட்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் பெரியவளும் நலமாக இருப்பீர்கள். எங்களிடம் விட்டுப்போன உங்கள் கம்ப்யூட்டரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

"பொழுது போகலைன்னா இதுல ஏதாவது பண்ணிப் பாருங்க மாமா" என்று சொன்னது நீங்கள்தான். குற்றமாகச் சொல்லவில்லை, ஞாபகத்துக்காக எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கை சும்மா இருக்குமா? படத்தை அசைய வைக்கும் வித்தையை எட்டு நாளில் கற்றுக்கொண்டு திரைக்குள் ஒரு குட்டி இயந்திரம் செய்தேன். ஒரு கையில் திருப்புளி, மறு கையில் ஸ்பேனர். எந்த இரும்பு அகப்பட்டாலும் எடுத்துப் பத்து விநாடியில் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துவிடும். இடம் வேண்டுமே என்று நம் சமையலறையையே டேப் வைத்து அளந்து அதற்குள் வரைந்து போட்டேன். முதல் குட்டி கரண்டியை எடுத்து இரண்டாவதைச் செய்தது; இரண்டும் சேர்ந்து வாணலியை எடுத்தன. உங்கள் அத்தை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "குக்கரை மட்டும் விடச் சொல்லுங்க, அது புதுசு" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் குக்கர் நான்கு குட்டிகளாகிவிட்டது. பத்தாவது சுற்றில் ஆயிரத்து இருபத்து நான்கு. அடுத்து என்ன ஆகும், ஜன்னல் கம்பியைத் தொடுமா, தெருவுக்கு இறங்குமா என்று பார்க்கும் ஆவலில் எனக்குக் காபி ஆறியதுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் கம்ப்யூட்டர் இடமில்லை என்றது. குட்டிகளை நிறுத்தலாமென்று தேடினால் நிறுத்த வழியே நான் வைக்கவில்லை. மாப்பிள்ளை, வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் 'முதலில் லிமிட் ஸ்விட்ச், அப்புறம்தான் மோட்டார்' என்று தொண்டை வறளச் சொன்னவன் நான். மேல்தளம் வந்ததும் லிஃப்டை நிறுத்துவது அந்த ஸ்விட்ச்தான்; அது இல்லாவிட்டால் கூரையில் போய் இடிக்கும். என் குட்டிக்கு மட்டும் அதை மறந்துவிட்டேன். சரி, இடமாவது உண்டாக்குவோம் என்று கம்ப்யூட்டருக்குள் 'பழையது' எனப் பெயர் போட்டிருந்த ஃபைல் பையை அழித்தேன். நமக்குச் சுத்தம் முக்கியமென்று அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அன்று சாயங்காலம் பெரியவள் போனில், "திங்கக்கிழமை குடுக்க வேண்டிய அவரோட பள்ளிக்கூடக் கட்டட ப்ளான் அதுலதான்பா இருக்கு, 'பழையது'ன்னு ஒரு இடத்துல வச்சிருக்கார், யாரும் தொட மாட்டாங்கன்னு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவார்" என்றாள். இரண்டு மாத உழைப்பு. அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, உங்களுக்கு எழுதிவிட்டேன். மன்னிக்கச் சொல்லக்கூட எனக்கு வாயில்லை. கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி அதைத் தொடமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் அத்தை படித்தாள். முப்பது வருஷம் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள், எதையும் ஒரு காப்பி எடுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. நீங்கள் கிளம்பிய அன்றே எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்தாளாம். "உங்களைத் தெரியாதா எனக்கு? ரெண்டு நாள் அடங்கி இருக்கட்டும்னுதான் சொல்லல" என்கிறாள். அதை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு காப்பி அவளிடம் இருக்கிறது. பிறகு அவளே கேட்டாள்: "கார்பன் வச்சு அடிச்சா அஞ்சாவது காப்பி மங்கலாத்தான் வரும். உங்க குட்டிங்க மட்டும் எப்படி கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வருதுங்க?" நியாயமான கேள்வி. பீரோவைத் திறந்துவிட்டோம்; ஒவ்வொரு காப்பியும் முந்தினதைவிடக் கொஞ்சம் மங்கும்படி குட்டியை மாற்றியும்விட்டோம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை எடுக்க வர வேண்டாம். ஐந்தாவது குட்டிக்கு ஒரு கை வரவில்லை. ஆறாவது எப்படி வருகிறதென்று இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.