நாப்பு அண்ணனின் கறுப்புப் பொட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு குற்றமும் செய்யாமல் ஒன்பது வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட ஒரே மனிதர் நாப்பு அண்ணன்தான். குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். அடுத்த வீட்டு ஜன்னல் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். கிட்டாரின் சத்தப் பெட்டியில் இருக்கும் குமிழை, அவர் பாஷையில் நாப்பை, மட்டும் திருப்புவார். ஊரில் திருடனைக்கூட இதைவிட மரியாதையாக அனுப்பி வைத்திருப்பார்கள்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கொஞ்சம் யோசித்தால்தான் அவருக்கே நினைவு வரும் என்று நினைக்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு லோடு ஏற்றினேன். செங்கல் சூளையில் கல் அறுத்தேன். வேலை இல்லாமல் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, ஓர் ஆர்கெஸ்ட்ரா வேனுக்கு சாமான் ஏற்ற ஆள் வேண்டும் என்றார்கள். சாப்பாடு உண்டு என்றார்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏற்ற வேண்டிய சாமான்களிலேயே கனமானது நாப்பு அண்ணனின் ஆம்ப்ளிஃபயர். கரும்புக் கட்டாவது தோளுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். அந்தப் பெட்டி எதற்கும் வளையாது, அதன் ஆளைப் போலவே.

பெட்டி குழுவின் ஓனருடையது. பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போனது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவப்பாக எரியும். முன்பக்கம் ஐந்து நாப்புகள். இந்த ஐந்தைப் பற்றி, கேட்காதவர்களுக்கும் அண்ணன் வகுப்பெடுப்பார்.

"த பார்றா. மொத நாப்பு கெயின். கிட்டாருக்கு எவ்ளோ கோவம் வரணும்னு அது சொல்லும். கடைசி நாப்பு மாஸ்டர். அந்தக் கோவம் எத்தினி தெருவுக்குக் கேக்கணும்னு அது சொல்லும். நடுவுல பேஸ், மிடில், ட்ரபுள். அது மூணும் கோவத்தோட குணம்."

"சரிண்ணே. அப்ப வூட்ல மாஸ்டர கம்மியா வெச்சினு, மத்தத சரி பண்ணிக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் எட்டாவது படிப்பும் ஆவியாகிப் போனது.

"கம்மி சவுண்டுல நல்லா கீறது ஜாஸ்தி சவுண்டுல நாறும்டா. மாஸ்டர ஏத்த ஏத்த பேஸு வயித்தக் கலக்கும், ட்ரபுள் காதக் குத்தும். கச்சேரி சவுண்டுல வெச்சித்தான் திருப்பணும்."

ஒன்பது வீடுகளின் கதை இந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். கச்சேரிச் சத்தத்தில், காலை பத்து மணிக்கு, பத்துக்குப் பத்து அறையில், நாப்பை ஒரு கடுகளவு நகர்த்துவார். கிட்டார் கம்பியில் ஒரு தட்டு. இன்னொரு கடுகு. இன்னொரு தட்டு. நடுநடுவே பெட்டியை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். சத்தத்தில் காது களைத்துவிடுமாம், களைத்த காது எல்லாம் சரியாக இருக்கிறதென்று பொய் சொல்லுமாம். தெரு முழுக்க அப்பாடா என்று உட்காரும் நேரத்தில், காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார்.

"யோவ், செவுத்துல காரை வுழுதுய்யா! இன்னாய்யா பண்ற உள்ள?" என்றார் ஐந்தாவது வீட்டு ஓனரம்மா.

"கவலப்படாதீங்கக்கா. பேஸ் கொஞ்சம் ஜாஸ்தி. கம்மி பண்ணிகினே கீறேன்."

"நீ வூட்டக் காலி பண்ணு, எல்லாம் தானா கம்மியாவும்."

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எங்கள் குழுவின் மூன்று மணி நேரக் கச்சேரியில் அந்தப் பெட்டிக்கு இருந்த வேலை பன்னிரண்டு விநாடி. ஒரே ஒரு பாட்டு, அதன் நடுவில் கிட்டார் உறுமும் ஓரிடம். அந்தப் பன்னிரண்டு விநாடிக்குத்தான் ஒன்பது வீடு, எண்ணிலடங்காத டீ, என் முதுகு. மீதி நேரம் அண்ணன் சாதாரணமாக டிங் டிங் என்று வாசித்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு விநாடியை நினைத்துக்கொண்டிருப்பார்.

திருக்கோவிலூரில் ஒரு கல்யாண மண்டபம். காலி மண்டபத்தில் நாப்புகளைச் சரிபார்த்த அண்ணனுக்குத் திடீரென்று சந்தேகம். நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனார்.

"ஐயா, சாயந்திரம் எத்தினி பொம்பளைங்க வருவாங்க?"

"எதுக்கு?"

"பட்டுப்பொடவைங்களா, சாதாவா?"

மண்டபத்தின் பின்வாசல் வழியாக அவரை இழுத்துக்கொண்டு ஓடியவன் நான். ஓடும்போதும் விளக்கினார்: பட்டுப்புடவை ட்ரபுளைக் குடித்துவிடுமாம். கூட்டம் வந்தால் சத்தம் மந்தமாகிவிடும், முன்கூட்டியே தெரிந்தால் அரைக் கடுகு ஏற்றி வைக்கலாம். இதை அந்த அப்பாவிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "கேட்டாத்தானே சொல்ல முடியும், தொரத்தனா எப்பிடிச் சொல்றது?" என்றார்.

அப்படிப் பாடுபட்டுக் கண்டுபிடித்த இடங்கள் மறந்துபோகாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டிக்கர் பொட்டு. ஒவ்வொரு நாப்பைச் சுற்றியும், அது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு பொட்டு. கல்யாண மண்டபத்துக்கு சிவப்பு, கோயில் திடலுக்குப் பச்சை, கல்வராயன் மலைக்குக் கறுப்பு. பொட்டு வாங்க அவர் ஃபேன்சி ஸ்டோருக்குப் போவதே தனிக் காட்சி.

"அண்ணிக்கு இன்னா சைஸுங்க?" என்று கேட்டது கடைப் பெண்.

"இருக்கறதுலயே சின்னதும்மா. பெருசா இருந்தா மிடில் ஏறிடும்."

அந்தப் பெண் அண்ணியை நினைத்து வருத்தப்பட்டிருக்க வேண்டும். அப்படி ஓர் அண்ணி கடைசிவரை கிடையாது. பெட்டிக்கு இருந்த பொட்டு யோகம் எந்தப் பெண்ணுக்கும் வாய்க்கவில்லை.

கறுப்புப் பொட்டில்தான் வினை வந்தது. போன வருஷம் மலையில் ஓர் ஊரில் கச்சேரி. ஒரு மலையில் எழும் சத்தத்துக்கு இன்னொரு மலை எதிரொலிக்கும் என்பது அண்ணனுக்கு அப்போது தெரியாது. கெயினையும் மாஸ்டரையும் சேர்த்து ஏற்றிவிட்டார். பன்னிரண்டு விநாடி முடிந்த பிறகும் பெட்டி தானாகக் கூவியது. கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடின. திருவிழாவின் மீதியை ஊரே ஆடு தேடிக் கழித்தது. அதன் பிறகுதான் அங்கே மாட்டுச் சந்தை நாளில் போய், மைதானத்தில் நின்று யோசித்து, கறுப்புப் பொட்டுகளை இடம் மாற்றி ஒட்டினார்.

இந்த வருஷம் அதே ஊர்க் கோயிலில் விசேஷம். பெரியவர்கள், பெட்டி வேண்டாம் என்றார்கள். இளவட்டங்கள், அந்தப் பன்னிரண்டு விநாடி இல்லையென்றால் கச்சேரியே வேண்டாம் என்றார்கள். ஓனர் இரண்டு பக்கத்துக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"புது கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு கீது. ரெண்டு வெரலு போதும். உனக்கோசரம்தான் பொறுத்துகினு கீறேன். மலையில ஒரு ஆடு நகந்தாலும் பொட்டிய வித்துடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ."

"நகராதுங்க," என்றார் அண்ணன். கறுப்புப் பொட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கிளம்புவதற்கு முதல்நாள் ஆயுத பூஜை. அண்ணன் காலியான எட்டாவது வீட்டிலிருந்து ஒன்பதாவது வீட்டுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தார். ஓனர் என்னிடம் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொடுத்தார். "எல்லாத்தையும் பளபளன்னு தொடைச்சி வெய்யி. அந்தப் பொட்டி மூஞ்சிய பாரு, பொட்டு பொட்டா அம்மை போட்டா மாதிரி."

அந்தப் பொட்டுகள் எதற்கென்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பூஜை முடிந்தால்தான் சாப்பாடு. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சிவப்பு, பச்சை, கறுப்பு எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அழுக்குப் போக நாப்புகளை நாலு சுற்று சுற்றினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தேன். பெட்டி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

மறுநாள் மதியம் மலையில், உறையை விலக்கிய அண்ணன் அப்படியே நின்றார்.

"யார்றா தொடைச்சது?"

அவர் என் கையைப் பார்த்தார். நகத்தில் சந்தனம் இருந்தது. அதற்குள் ஓனர் வந்துவிட்டார்.

"இன்னாடா? இன்னா பிரச்சன?"

"ஒண்ணுமில்லீங்க. நாந்தான் பூஜைக்குத் தொடைச்சேன். திரும்ப வெச்சிக்கறேன்."

ஓனர் போனதும் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஓர் ஆள் திட்டாமல் இருந்தால் நமக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "போய் ஆடுங்களுக்குப் பக்கத்துல நில்லு," என்றார். "பேஸ் ஜாஸ்தின்னா வயித்தத் தடவு. ட்ரபுள் குத்துச்சின்னா காதப் புடி. கிட்டாரு உள்ள அமுங்கிப்போச்சின்னா நெஞ்சத் தட்டு. இன்னிக்கி உன் காதுதான்."

பலா மரத்தடியில் ஆடுகளோடு நின்றேன். அவர் ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கும் தெரியாமல் நாலு விநாடி அந்த உறுமலை நுழைத்துப் பார்ப்பார். நான் வயிற்றைத் தடவுவேன். அவர் ஒரு கடுகு குறைப்பார். மறுபடி தடவுவேன். மூன்றாவது முறை தடவியபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்தார்.

"பசிக்குதா சாமி? அப்பலேந்து வயித்தத் தடவிகினே கீறியே."

இல்லை என்பதற்குள் இலையில் சாமைச் சோறும் துவரைக் குழம்பும் வந்துவிட்டது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு ஒரு கையால் காதைப் பிடித்தேன். "கொழம்பு அவ்ளோ காரமா?" என்றார் அந்த அம்மா. நெஞ்சைத் தட்டினேன். தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

பிறகு அந்தப் பாட்டு. அண்ணன் கெயினைப் பாதியாகக் குறைத்தார், மிடிலை ஏற்றினார், மாஸ்டரைத் தொட்டார். பன்னிரண்டு விநாடி. மத்தளத்துக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு கோபக்காரர் வந்து, மரியாதையாகப் பேசிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். என் பக்கத்து ஆடு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு என் இலையைத் தின்னத் தொடங்கியது. ஒரு கயிறும் இறுகவில்லை.

ஊர்த் தலைவர் ஓனரைத் தேடி வந்து கைகூப்பினார். "ரொம்ப சந்தோசம்ங்க. சொன்னா மாதிரியே அந்தப் பொட்டிய எடுத்தாராம வந்துட்டீங்க. பாட்டு இதமா இருந்திச்சி."

ஓனர் சிரித்தார். இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வேனில் வரும்போது ஓனர் கணக்காகச் சொன்னார்: பெட்டி இருந்ததே யாருக்கும் தெரியவில்லை, தெரியாத பெட்டி எதற்கு? அடுத்த வாரம் பெட்டி விற்றுப்போனது. நாப்பு அண்ணன் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அதற்குள் ஒன்பதாவது வீட்டிலும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடப் போனேன். கிட்டாரும் ஒரு துணிப்பையும்தான் இருந்தது. "அண்ணே, அந்தப் பொட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பொட்டு இருந்திருந்தா நான் பொட்டத்தான் பாத்திருப்பேன்," என்றார். "எதிரொலி எந்தப் பக்கம்னு அன்னிக்கித்தான் கேட்டேன். உன் காது பரவால்லடா. சோத்துல மட்டும் கவனத்த வெக்காத."

நானும் அந்த வேலையில் தங்கவில்லை. அதற்குப் பிறகு நாலு ஊர் மாறிவிட்டேன். போன மாதம் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஒருவர் புலம்பிக்கொண்டு வந்தார். திருநாவலூரில் அவர் வீட்டை வாடகைக்கு எடுத்த ஓர் ஆள் எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டி வாங்கி வைத்துப் பட்டப்பகலில் சுவரை ஆட்டுகிறானாம், கேட்டால் பேஸைக் கம்மி பண்ணுகிறேன் என்கிறானாம், உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். பத்தாவது வீடு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

என் பையில் எப்போதும் ஓர் அட்டை கறுப்புப் பொட்டு இருக்கிறது, இருப்பதிலேயே சின்ன சைஸ். எந்த ஊர்ச் சந்தியிலாவது அவர் எதிரே வந்துவிட்டால், கையில் இல்லை என்று நிற்கக் கூடாது பாருங்கள்.