துப்பாக்கிக்குக் கூட்டுப் பட்டா

ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு குருவியைக்கூடச் சுடாமல் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தையே நடுங்க வைத்த மனிதர் ஒருவர்தான் உண்டு. ரெட்டைக்குழலார். சொந்தப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அவர் தெருமுனையில் தென்பட்டால் சைக்கிளில் வருகிறவர்கள்கூட இறங்கி வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள். பயம் துப்பாக்கிக்கு இல்லை. "தம்பி, ஒரு யோசனை" என்று ஆரம்பிப்பாரே, அதற்கு.

பிள்ளைகளா, அந்தக் குரல் கேட்டால் "அப்பா வீட்ல இல்ல" என்று சொல்லச் சொல்லி உங்களுக்கு நானே பழக்கி வைத்திருந்தேன். காரணம் கேளுங்கள். உங்கள் அப்பா பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறவன், சட்டம் படித்தவன் இல்லை. இருந்தும் துப்பாக்கிச் சட்டம் இத்தனை தெரிகிறது என்றால், அந்த மனிதர் என் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து படுத்திய பாடுதான்.

துப்பாக்கி அவருடைய அப்பா காலத்தது. கதிரை மிதிக்க வரும் பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கியது. தோட்டா தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. வெடிக்காவிட்டாலும் அது விளையாட்டுச் சாமான் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்தால் வழக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வரவேண்டும். அதைத் தோல் உறையில் போட்டு என் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் நட்டுக்கொள்வார். ஒவ்வொரு பள்ளத்திலும் என் பிடரியில் இடி விழும். நாட்டில் தேர்தல் குறைவாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே குடிமகன் நானாகத்தான் இருப்பேன்.

அவருக்குக் கண் மங்கியதும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். "பெரியவரே, லைசென்ஸ் முடியறதுக்குள்ள வாரிசு ஒருத்தர் பேருல வாங்கி மாத்திடுங்க. இல்லன்னா ஒப்படைச்சிடுங்க."

அந்த 'ஒருத்தர்' என்ற சொல்லில்தான் வினை. அவருக்கு இரண்டு பையன்கள். நிலத்தைப் பாகம் பிரித்தபோது நடு வரப்பு யாருக்கு என்று தகராறு வந்து, இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. வயல் பிரிந்தது, களம் பிரிந்தது, வீட்டுக்கு நடுவே சுவரும் எழும்பியது. பிரியாமல் மிஞ்சியது துப்பாக்கி மட்டும்.

"ஒருத்தனுக்குக் குடுத்தா இன்னொருத்தன் என் வாசல மிதிக்க மாட்டான், தம்பி. இது ஒண்ணாவது ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்."

நியாயம்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம் நிலச் சட்டம். நேரே தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்கு என்னை ஓட்டச் சொன்னார். லைசென்ஸ் பார்க்கும் அம்மாவிடம், "கூட்டுப் பட்டா போட்டுக் குடுங்கம்மா" என்றார்.

"சர்வே நம்பர் சொல்லுங்க."

"லைசென்ஸ் புஸ்தகத்துலயே இருக்கு பாருங்க."

அந்த அம்மா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, இதுக்குப் பட்டா கிடையாதுங்க. லைசென்ஸ் ஆளுக்குத்தான்."

"அப்ப உட்பிரிவு பண்ணிடுங்க. ரெண்டு குழல் இருக்கு. இடது பெரியவனுக்கு, வலது சின்னவனுக்கு."

"பிடிக்கிற கட்டை?"

"அது பொதுப் பாதை."

வெளியே வந்து டீ குடிப்பதற்குள் அடுத்த யோசனை. "குறுவைக்குப் பெரியவன் வச்சுக்கட்டும், சம்பாவுக்குச் சின்னவன் வச்சுக்கட்டும்."

"கோடையில?"

"கோடையில உளுந்துதானே. எங்கிட்ட இருக்கும்."

அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தங்கை மகன் வேறு போனில் கொளுத்திப் போட்டான். அங்கே பழைய இயந்திரத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைக்கிறவர்கள் தன் பேரிலும் வைக்கலாம், கம்பெனி பேரிலும் வைக்கலாம், டிரஸ்ட் பேரிலும் வைக்கலாமாம். டிரஸ்ட் என்றால் குடும்பத்தில் பல பேர் சேர்ந்து வைத்துக்கொள்ளலாமாம். மறுநாள் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"டிரஸ்ட்டுன்னா அறக்கட்டளைங்க. துப்பாக்கிய வச்சு என்ன அறம் பண்ணப் போறீங்க?"

"இதுவரைக்கும் அது ஒரு உசுரையும் எடுத்ததில்ல. இதவிட என்னங்க அறம் வேணும்?"

பத்திரக்காரர் பேனாவை மூடிவிட்டார். திருச்சியில் துப்பாக்கிக் கடைக்காரர் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இவர், பெண் பார்க்க வந்தவர்களிடம் கேட்பதுபோல, அவருடைய குடும்பத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, "சரிப்படாது தம்பி" என்று எழுந்துவிட்டார்.

நடவு நேரம். கடையில் மோட்டார்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியப்பா, ஸ்டேஷன்ல குடுத்துத் தொலைங்க. உங்க துப்பாக்கி வெடிக்காம என் தலைதான் வெடிக்குது."

அவர் சாயங்காலம் என்னைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "ஒப்படைக்கறதுன்னா வாரிசு ரெண்டு பேரும் நேர்ல வரணுமாம். சட்டமாம்."

அப்படி ஒரு சட்டமே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். துப்பாக்கியை ஒருவன் தூக்க இன்னொருவன் விடவில்லை. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைத்தெரு வழியாகப் பல்லக்குத் தூக்குவதுபோல நடந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும், "எதுக்குங்க இத்தனை பேரு? பெரியவர் ஒருத்தரே போதுமே" என்றார்.

பையன்கள் இருவரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதுகிற ஏட்டு தலை நிமிராமல் கேட்டார். "இது யாருது?"

"எங்களுது."

இரண்டு குரல். ஒரே சொல். வரப்புத் தகராறு தொடங்கிய நாளிலிருந்து 'என்னுது' என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அந்த வாய்களிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவர்களே திகைத்துப் போனார்கள். துப்பாக்கியை மேசையில் இறக்கும்போது சின்னவன், "மெதுவா வைண்ணே, கட்டையில வெடிப்பு இருக்கு" என்றான்.

"தெரியும்டா" என்றான் பெரியவன்.

என் தொடையில் மறுபடியும் ஒரு கிள்ளு விழுந்தது.

துப்பாக்கி போய்விட்டது, தோல் உறை மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. இனி நிம்மதி என்று நினைத்தேன். நேற்று கடைக்கு வந்து அந்த உறையை என் மேசையில் போட்டார். "தம்பி, ஒரு யோசனை. இத ரெண்டு பேர் பேருலயும் கூட்டா எழுதி வைக்கணுமே."

"உறைக்கு லைசென்ஸே வேணாம் பெரியப்பா."

"அதனாலதான் சொல்றேன். இதையாவது சுலபமா முடிச்சிடலாம். நாளைக்குக் காலையில வரேன்."

இதோ வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கிறது. பிள்ளைகளா, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.