வடிகால் துறையின் கோல்ஃப் கோடை

மூர்பாக் நகராட்சியின் வடிகால் துறை, பொதுமக்களின் நலனை முன்னிட்டும் நிர்வாகத்தின் கண்ணியத்தைக் கருத்தில் கொண்டும், அந்தக் கோடையில் கால்டென்ஆல்ம் மலைக்குப் போய் கோல்ஃப் ஆடுவதென்று தீர்மானித்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் பெரிய தீர்மானங்கள் ஜலதோஷம் மாதிரி வரும். ஒருவர் தும்முவார், அப்புறம் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும்.

நான் மூர்பாக்கில் முடிவெட்டுகிறவன். மாவுமில் சந்தில் கடை. துறையின் தலைகள் அத்தனையும் என் கைக்கு வந்து போகிறவை. அவற்றின் வெளிப்புறம் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியும். உட்புறம் பற்றி இதுவரை தகவல் ஏதும் கிடைக்கவில்லை.

முதல் தும்மல் வாயிற்காவலருடையது. புது இயக்குநர் டாக்டர் ஷ்ட்ரோபெல் அம்மையார் வியன்னாவிலிருந்து மாற்றலாகி வந்த அன்று, அவருடைய கார் டிக்கியில் ஒரு கோல்ஃப் பை கிடந்ததைக் காவலர் பார்த்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் இயக்குநர் கோல்ஃப் ஆடுவார் என்பது துறை முழுக்கத் தெரிந்தது. சாயங்காலக் காப்பிக்குள் அவர் எங்கே ஆடுவார் என்பதும் தெரிந்துவிட்டது. மதிப்பான மனிதர்கள் கோடையில் கோல்ஃப் ஆடுவது கால்டென்ஆல்மில்தான், இயக்குநர் மதிப்பான மனிதர், ஆகவே. துணை இயக்குநர் நாற்காலி வேறு காலியாக இருந்தது.

அந்த நாற்காலியை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோட்ஃப்ரீட் பிகெல்மாயர். அவருக்கு ராஜசபை ஆலோசகர் என்று பட்டம். எங்கள் ஆஸ்திரியாவில் ராஜா போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சபையும் போயிற்று. ஆலோசகர்கள் மட்டும் போகவில்லை.

ஒருநாள் அவர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“காதுக்கு மேல கொஞ்சம் விட்டு வெட்டுய்யா. தொப்பி நிக்கணும்.”

“என்ன தொப்பி, ஆலோசகரய்யா?”

“கோல்ஃப் தொப்பி.”

“நீங்க ஆடுவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

“அதுல ஆடறதுக்கு என்ன இருக்கு? பந்து சும்மாக் கிடக்கு. நாம அதைத் தூரமாத் தள்ளி விடறோம். அப்புறம் அது வேற ஒருத்தர் பக்கத்துல போய் விழுது. என் உத்தியோகம் பூரா நான் செஞ்சது வேற என்னய்யா?”

அவர் சொன்னது உண்மை. அவர் தள்ளிவிட்டதில் ஒன்று என் பக்கத்து வீட்டில்தான் விழுந்து கிடந்தது.

பக்கத்து வீடு நோட்புர்காவின் ரொட்டிக்கடை. வசந்தத்தில் பனி உருகியதிலிருந்து அவளுடைய நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர். மாவு மூட்டைகள் படுக்கையில் படுத்திருந்தன, அவள் நாற்காலியில் தூங்கினாள். அடுப்பின் அஸ்திவாரம் ஊறி, செங்கல்லில் விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. இலையுதிர் காலத்துக்குள் வற்றாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். சந்து முழுக்க இதே கதை என்றாலும், எங்களுக்கெல்லாம் வீடு நாறியது, அவளுக்குப் பிழைப்பே நாறியது. துறைக்கு நடந்து நடந்து அவளுக்குக் கிடைத்தது ஒரே பதில்: நகராட்சியின் பம்பு பழுதாகியிருக்கிறது, நிலைமை கனிவுடன் கவனிக்கப்பட்டு வருகிறது.

ஆலோசகர் கனிவுடன் கவனித்துவந்தது வேறு விஷயம். கட்டம் போட்ட கால்சட்டை வாங்கினார். கையுறை வாங்கினார், ஒரு கைக்கு மட்டும், கோல்ஃபில் அப்படித்தானாம். வீட்டில் அவர் மனைவி ஹெர்மீனே கொதித்துப்போனாள். அவளுக்கு முடி சுருட்டுவதும் என் கடைதான், அதனால் எல்லாம் என் காதுக்கு வந்தது.

“கல்யாணமானதிலேர்ந்து கோடைன்னா கிராடோ கடற்கரைதான். எனக்குன்னு இருக்கிறது அந்த ஒண்ணே ஒண்ணு. இந்த வருஷம் மலைக்குப் போய்ப் புல்லைப் பாக்கணுமாம்! நான் என்ன மாடா?” என்றாள். “ஏங்க, உங்களுக்கு ஆடத் தெரியாதேன்னு கேட்டேன். ‘இது உத்தியோகத்துக்காக, இதுல தெரியறதும் தெரியாததும் சம்பந்தமே இல்ல’ன்னுட்டாரு.”

எங்கள் நாட்டில் பிள்ளை பெற உரிமம் வேண்டாம். மந்திரியாக உரிமம் வேண்டாம். ஆனால் கோல்ஃப் புல்லில் கால் வைக்கப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். எழுத்துப் பரீட்சையில் ஆலோசகர் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். அதில் இருந்தது முழுக்க விதிகள். செய்முறையில்தான் பந்து இருந்தது. அவர் மட்டையை ஓங்கி வீசினார். புல் பறந்தது, பந்து அசையவில்லை. மறுபடி வீசினார். பரிசோதகர் தலையை ஆட்டினார்.

ஆலோசகர் விடவில்லை. “வீச்சு காத்துல போனாலும் அது ஒரு அடின்னு விதி சொல்லுதா இல்லையா?”

“சொல்லுது.”

“அப்ப நான் அடிச்சாச்சு. பந்து நகரலேன்னா அது பந்தோட அலட்சியம். அதுக்கு நான் பொறுப்பாக முடியாது.”

பரிசோதகர் அவரையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மைதானத்தைக் காப்பாற்றும் பொருட்டு, தேறியதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

இதற்கிடையில் ஒரு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. ஆலோசகர் விடுப்புக் கேட்ட அதே வாரத்துக்குத் துறையின் எல்லா அதிகாரிகளும் விடுப்புக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் விடுப்பில் போக விதியில் இடமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலைக்குப் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆகவே விடுமுறை ரத்தாகி, ‘மலைப்புல்வெளிகளின் ஈரத்தன்மை குறித்த கள ஆய்வு’ என்று ஓர் அலுவல் பயணம் உருவாயிற்று. அலுவலகக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘மக்களுக்கு மேலும் உயர்ந்த சேவை வழங்கும் நோக்கில், துறை தற்காலிகமாக உயரமான இடத்திலிருந்து இயங்குகிறது.’

நோட்புர்கா அதைப் படித்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள். கையில் மாவுகூடக் காயவில்லை.

“வண்டிய எடு.”

“எங்க?”

“உயரமான இடத்துக்கு. கீழ இருந்து கத்தினது கேக்கல. பக்கத்துல போய்க் கத்திப் பாக்கறேன்.”

கடையைப் பூட்டிவிட்டு மலையேறினோம். கால்டென்ஆல்ம் ஒரு காலத்தில் மாடுகளின் ஊர். இப்போது மாடுகளை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, புல்லுக்கு மட்டும் வரவேற்பு கொடுத்திருந்தார்கள். கோல்ஃப் கழகத்தின் மாடத்தில் எங்கள் வடிகால் துறை வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் கட்டம் போட்ட கால்சட்டை. எல்லோர் முன்னாலும் ஆப்பிள் பண்டம். எல்லோர் மணிக்கட்டிலும் வெள்ளைத் துணிக்கட்டு. மைதானத்தில் ஒரு பந்துகூட இல்லை.

“ஆலோசகரய்யா, என் நிலவறையில இன்னும் தண்ணி நிக்குது,” என்றாள் நோட்புர்கா.

“அம்மா, நான் ஓய்வுக்கு வந்திருக்கேன்.”

“கதவுல அலுவல் பயணம்னு ஒட்டியிருக்கே?”

“ஆமா, அலுவல் பயணம்தான்.”

“அப்ப வேலையில இருக்கீங்க. என் புகாரைக் கேளுங்க.”

“வேலையில இருக்கிறவன் வேலையைப் பாக்கறதா, புகாரைக் கேக்கறதா?”

“சரி, வேலையைப் பாருங்க. எங்க, ஒரு பந்தை அடிங்க பாப்போம்.”

ஆலோசகர் துணிக்கட்டைக் காட்டினார். “கடமையில பட்ட காயம்.”

“எல்லாருக்குமா?”

“எங்க துறையில ஒற்றுமை அதிகம்.”

பக்கத்தில் ஹெர்மீனே தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: “காலையில கட்டு இடது கையில இருந்துச்சு.”

அந்த நேரம் பார்த்து மலை மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது குழியைச் சுற்றிக் குட்டை கட்டி நின்றது. மாடத்தின் மறுகோடியில் இருந்த டாக்டர் ஷ்ட்ரோபெல் அம்மையார் எழுந்து நின்று, “இது பொறுக்க முடியாத நிலைமை!” என்றார். துறை துள்ளி எழுந்தது. கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு பம்பை உருட்டி வந்தார்கள். அதன் வயிற்றில் ‘மூர்பாக் நகராட்சி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. காப்பி ஆறுவதற்குள் மூன்றாவது குழி வற்றிவிட்டது. இழுத்ததும் தூக்கியதும் கட்டுப்போட்ட கைகள்தான்.

“பழுதுன்னு சொன்னீங்களே!” என்று நோட்புர்கா கத்தினாள்.

“சோதனை ஓட்டம்,” என்றார் ஆலோசகர். “மலையில ஓடினா, கீழயும் ஓடும்னு கொள்கை அளவில நிரூபணமாயிடுச்சு.”

பம்பு மறுபடி கொட்டகைக்குள் போனது. நோட்புர்கா கைகழுவும் அறைக்குப் போய் அழுதாள். அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்த இயக்குநர் அம்மையார், இவள் யாரோ கோல்ஃப்காரரின் மனைவி என்று நினைத்துவிட்டார்.

“உங்களுக்கும் சலிப்பாத்தான் இருக்கா?” என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறார். “எனக்கு இந்த மட்டையக் கண்டாலே ஆகாது. அந்தப் பை என் முன்னாள் புருஷனோடது, வண்டியிலேர்ந்து இறக்க மறந்துட்டேன். மூர்பாக்ல எல்லாரும் கோல்ஃப் பைத்தியமா இருக்காங்களேன்னுதான் நானும் வந்தேன். வெளிய சொல்லிடாதீங்க.”

கீழே இறங்கும் வழியில் நோட்புர்கா இதை ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னாள். ஊருக்கு வந்ததும் என் கடைத் தொலைபேசியில் கால்டென்ஆல்ம் கழகத்தைக் கூப்பிட்டு இயக்குநரைக் கேட்டாள். குரலே மாறிவிட்டது.

“டாக்டர் அம்மாங்களா? மாவுமில் சந்து கோல்ஃப் கழகத்திலேர்ந்து பேசறேன்.”

“அப்படி ஒரு கழகமா?”

“நல்லா ஆடறவங்க எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரியும், தெரியும்!”

“எங்க முதல் குழி தண்ணிக்குள்ள கிடக்கு. நிலத்துக்கு அடியில ஆடற மைதானம் பாருங்க.”

“அடியிலயா?”

“வெளிநாட்டுல இப்ப அதானே நடக்குது. மேல ஆடறத விட்டுட்டாங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“நானே மத்தவங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்,” என்றார் இயக்குநர்.

மறுநாள் காலையில் பம்பும் துறையும் சந்துக்குள் நுழைந்தன. நோட்புர்கா நிலவறைப் படியில் ரொட்டி உருட்டும் கட்டையை நட்டு, அதன் நுனியில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்தாள். ஆலோசகர் கட்டம் போட்ட கால்சட்டையோடு சாக்கடைத் தண்ணீரில் இறங்கி, “ஆகா, என்ன மைதானம்!” என்றார். சாயங்காலத்துக்குள் நிலவறை வற்றியது. வடிகாலை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு காகிதக் கட்டு: ‘உங்கள் வடிகாலைச் சுத்தமாக வைத்திருங்கள்’ என்று துறை அச்சடித்து விநியோகிக்காமல் விட்ட துண்டறிக்கைகள்.

சந்தில் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். அதிகாரிகளை இப்படி முட்டாளாக்கியதில்லை என்றோம். மறுநாள் ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் ஒரு கைக்குட்டை பறந்தது, எல்லாம் வற்றின. நோட்புர்காவின் அடுப்பு பிழைத்தது. ஆலோசகருக்குத் துணை இயக்குநர் நாற்காலி கிடைத்தது. ஹெர்மீனே தனியாகக் கிராடோவுக்குக் கிளம்பிப் போனாள், இன்னும் திரும்பவில்லை.

அதிகாரிகள் பார்க்க வரும்போது நம்பும்படி இருக்கட்டும் என்று ஆளுக்கொரு தொப்பி வாங்கினோம். தொப்பியோடு பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கழகத்துக்குத் தலைவர் தேவைப்பட்டார், நோட்புர்காவே தலைவரானாள். யாரும் ஆடவில்லை. ஆனால் ரொட்டிக்கடையில் நின்றால் பேச்சு முழுக்க மைதானம், காற்று, மட்டையின் எடை. இறந்துபோன தன் புருஷன் சிறுவயதிலிருந்தே ஆடியவன் என்று நோட்புர்கா சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. எனக்கே அவன் ஆடி நான் பார்த்த மாதிரி இருந்தது.

செப்டம்பரில் கீழண்டைத் தோல்பதனிடுவோர் தெருவிலிருந்து கோர்பினியன் என்ற செருப்புத் தைக்கிறவன் வந்தான். ரொட்டிக்கடை வாசலில் நாங்கள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவன் காலணியிலிருந்து சேறு வழிந்தது.

“உங்க நிலவறையிலேர்ந்து இறைச்ச தண்ணியெல்லாம் எங்க தெருவுக்கு வந்துடுச்சும்மா. கடையில செருப்புக்கு வச்சிருந்த தோலெல்லாம் அழுகிப் போச்சு. அதிகாரிங்க உங்க பேச்சத்தான் கேக்கறாங்களாம். அந்தப் பம்பை ரெண்டு நாளைக்குத் தரச் சொல்லி ஒரு வார்த்தை...”

நோட்புர்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “நீங்க எங்க ஆடறீங்க?”

“ஆடறதா? நான் செருப்புத் தைக்கிறவன்மா.”

“அதான் பாத்தேன்,” என்றாள் அவள். “விளையாட்டுல ஈடுபாடு இல்லாத இடத்துல தண்ணி நிக்கத்தான் செய்யும். உங்க நிலைமைய நாங்க கனிவோட கவனிச்சுட்டு வரோம்.”

சந்து முழுக்கத் தலையாட்டியது. அவன் என்னைப் பார்த்தான். வருஷக்கணக்காக நான் முடிவெட்டிவிடுகிற ஆள். நானாவது ஏதாவது சொல்வேன் என்று நின்றான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க கோர்பினியன்,” என்றேன். “ஈரக் காலோட புல்லு மேல நிக்கறீங்க.”

அவன் குனிந்து பார்த்தான். காலடியில் கருங்கல் தளம்தான் இருந்தது. “மன்னிச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டு, எதையும் மிதித்துவிடாமல் ஜாக்கிரதையாகக் காலை எடுத்துவைத்து ஒதுங்கி நின்றான்.